ஏங்க, அழிச்சாச்சா?

ராத்திரி பத்தரை, பதினொண்ணு இருக்கும். பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போற ரோடு... பேரளி தாண்டிட்டா ஆள் அரவம் கெடையாது. ரெண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. கதிர ஒடிச்சிட்டு அப்படியே விட்ட தட்டை, காஞ்சு போயி நிக்கும். காத்தடிச்சா சரசரசரன்னு... யாரோ உள்ளார நடந்து வர்ற மாரியே இருக்கும். எப்பயாவது ஒரு சிமெண்டு லாரி. அது போனப்புறம் முன்ன இருந்ததவிட இருட்டு.

அந்த ரோட்டுல பரணியண்ணன் ஒத்தையா வண்டில வந்துட்டு இருந்தாரு.

யாரு பரணியண்ணன்னு அவசரப்படாதீங்க, சொல்றேன். எங்கூட வேலை பாக்குற சத்யா இருக்கால்ல, அவளுக்குக் கூடப்பொறந்த அண்ணன். பரணிதரன்னு பேரு. அரியலூருக்கு வெளிய, வூட்டுப் பின்னாடி ரூம்புலயே பாட்டு ரெக்கார்டிங் பண்றவரு... டேய் சரத்குமாரு, அந்தப் போன உள்ள வை. மண்டபத்து மொட்டை மாடில லைட்டு இல்லாம இருக்கறதே இன்னிக்கித்தான் நல்லதாப் போச்சு, நீ வேற மொகத்துல வெளிச்சம் அடிச்சுக்கிட்டு. முகூர்த்தம் விடியக்காலைல, தூக்கம் வரல, கத சொல்லு சுமதிக்கான்னு நீங்கதான் வந்து உக்காந்தீங்க. பாதில பயந்து எந்திரிச்சு ஓடுனா, இருட்டுல படிக்கட்டு எங்க இருக்குன்னுகூட நான் சொல்ல மாட்டேன்.

சரி, கேளுங்க.

அண்ணன் சட்டைப் பையில ஒரு கம்ப்யூட்டர். சிரிக்காத... நெசமாத்தான். சீட்டுக்கட்டு சைசுல ஒரு பச்சை அட்டை, அதுமேல நாலஞ்சு கறுப்புச் சில்லு, ஓரத்துல ஒயர் சொருவ ஓட்டை. அவ்ளோதான் மொத்தக் கம்ப்யூட்டரும். பெரம்பலூர்ல அவரு சிநேகிதர் முத்தமிழ்செல்வன் குடுத்து அனுப்புனது. அவரு ஒரு காலேஜுல கம்ப்யூட்டர் லேப்ப பாத்துக்கறவரு.

பேரளி தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்பாரு. ஹெல்மெட்டுக்குள்ள... ஏலக்காய் வாசம்.

சுத்துப்பட்டுல ஒரு டீக்கடை கெடையாது, வூடு கெடையாது. வண்டிய ஓரங்கட்டி ஹெல்மெட்டக் கழட்டுனாரு. வெளிய காஞ்ச தட்டை வாசம், புழுதி வாசம். அவ்ளோதான். திரும்ப மாட்டுனாரு. ஏலக்காய்... அப்பத்தான் யாரோ தோலோட வாயில போட்டுக் கடிச்ச மாரி.

வேற ஆளா இருந்தா வண்டிய முறுக்கிட்டு ஓடியிருப்பான். அண்ணன் அங்கயே நின்னு அழுதாரு. ஏன்னா அது யாரு வாசம்னு அவருக்குத் தெரியும்.

வினோதினி அண்ணி பாடுறதுக்கு முந்தி வாயில ஒரு ஏலக்காய் அடக்கிக்கும். தொண்டைக்கு நல்லதாம். அவங்க ரெண்டு பேரும் சேந்துதான் அந்த ரெக்கார்டிங் ரூம ஓட்டுனாங்க. செவுரு முச்சூடும் முட்டை அட்டைய ஒட்டி, சன்னல்ல பழைய மெத்தைய அடிச்சு வச்சிருப்பாங்க, சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு. ஊர்ல அய்யனாருக்கு, மாரியாத்தாவுக்குப் புதுசாப் பாட்டு வேணும்னா, காதுகுத்துக்குப் பாட்டு வேணும்னா, எலக்சனுக்கு ஆட்டோல போட்டுட்டுப் போவ பாட்டு வேணும்னா பரணியண்ணன்தான். மெட்டு அவரு போடுவாரு. பாடுறது யாராவது பேரு வாங்குன பாடகி, திருச்சிலேர்ந்தோ தஞ்சாவூர்லேர்ந்தோ வருவாங்க.

ஆனா அவங்க வர்றதுக்கு முந்தி ஒருத்தர் அந்தப் பாட்ட ஒருவாட்டி பாடி வைக்கணும். வர்ற பாடகி அதக் காதுல கேட்டு, அதே மாரி பாடிட்டுப் போறதுக்கு. அதுக்கு டிராக் பாடுறதுன்னு பேரு. அந்த டிராக்க பாடுறது அண்ணி. எத்தனையோ பாட்டு... எல்லாத்தையும் மொதல்ல பாடுனது அண்ணிதான். பாடகி பாடிட்டுப் போனதும் டிராக்க அழிச்சிடுவாங்க. அதான் வழக்கம்.

ஒருதரம் அழிக்க மறந்துட்டாரு. வந்த அம்மா அதக் கேட்டுட்டு, "ஒங்க வூட்டம்மா இவ்ளோ நல்லாப் பாடுறாங்களே, அதையே போட்டுக்க வேண்டியதுதான, என்னை எதுக்குக் கூப்புட்டீங்க?"ன்னு மூஞ்சத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுலேர்ந்து அண்ணிக்கு ஒரே பயம். தொழிலுக்கு நம்மளால கெடுதல் வந்துடக் கூடாதுன்னு. பாடகி வண்டி தெரு முக்கு திரும்பியிருக்காது, அதுக்குள்ள அடுப்படிலேர்ந்து சத்தம் வரும்.

"ஏங்க, அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

தெனமும் இது. வேற பேச்சுல இருந்தாக்கூட அண்ணன் வாயி பதில் சொல்லும், வெரலு அது பாட்டுக்குக் கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டைய அமுக்கும். ஒண்ணு அழிக்க, ஒண்ணு சேவ் பண்ண. பழைய மிசினு, இடம் பத்தாதுன்னு அடியோட அழிச்சிடுவாரு, ஒரு துணுக்கு தங்காது.

பாப்பா மணிமொழி செவுரப் புடிச்சு நிக்கப் பழகுன சமயம். அண்ணிக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சாங்க. ரத்தத்துல என்னமோ கொறையுதுன்னு திருச்சிக்குக் கொண்டு போனாங்க. தூக்கிட்டுப் போன பொம்பள திரும்பி வரல. அவ்ளோதான் சொல்லுவேன்.

மூணு வருசம் ஓடிடுச்சு. பாப்பா பேச ஆரம்பிச்சு, நிறுத்தாம பேசுது. ஒரு நாளு சோறு ஊட்டும்போது கேட்டுச்சு.

"அப்பா, அம்மா எப்புடிப் பேசும்?"

அண்ணன் அண்ணி மாரி பேசிக் காட்டப் பாத்தாரு. அண்ணி சொன்ன வார்த்தையெல்லாம் நெனப்பு இருக்கு. அந்தக் கொரலு இல்ல. மொகம் போட்டோல இருக்கு, பொடவை பொட்டில இருக்கு. கொரலு எங்க இருக்கு? அன்னிக்கித் தட்டுல இருந்த சோறு காயுற வரைக்கும் உக்காந்திருந்தாரு.

தேடுனாரு. கல்யாண வீடியோவப் போட்டுப் பாத்தா... நம்ம ஊரு கல்யாண வீடியோ தெரியும்ல? மொதலேர்ந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போதும் பாட்டு, மறுவூடு போகும்போதும் பாட்டு. அண்ணி சிரிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுது, வாயி அசையுது, மேல யாரோ பாடுறான். அண்ணியோட போனு ஆஸ்பத்திரிலயே காணாமப் போயிடுச்சு. அவரு போன்ல இருந்தது புதுப் போன் மாத்தும்போது போயிடுச்சு. ஒரு பாட்டு விடாம பாடுன பொம்பளைக்கு, ஒரு வார்த்தைகூட மிச்சமில்ல... நெனச்சுப் பாருங்க.

மிச்சம் ஒண்ணே ஒண்ணு, பழைய பாட்டெல்லாம் இருக்கற டிஸ்கு. ஏதாவது ஒரு பாட்டுல அழிக்க மறந்திருக்க மாட்டமா? ஒரே ஒரு எடத்துலயாவது? ஆனா பழைய கம்ப்யூட்டரு இடி விழுந்து கருகிப் போச்சு. டிஸ்கு மட்டும் தப்பிச்சுது. அதுல இருக்கற பாட்ட அந்தப் பழைய சாப்ட்வேர்லதான் தொறக்கணும். அந்த சாப்ட்வேரு இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. அலைஞ்சு அலைஞ்சு கடைசியாத்தான் முத்தமிழ்செல்வன்கிட்ட போனாரு.

அவரு அந்தப் பச்சை அட்டைய எடுத்து, அதுக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாரி நடிக்க வச்சு, அந்த சாப்ட்வேர ஏமாத்தி ஓட விட்டுட்டாரு. குடுக்கும்போது சொல்லித்தான் குடுத்தாரு.

"மாப்ள, இது சின்னது. பாவம், மூச்சு வாங்கும். ஒரு நேரத்துல ஒரு வரிசை, தவில்னா தவில் மட்டும் போட்டுக் கேளு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஹேங் ஆயிடும். அப்பறம், பாட்டு இதுலேர்ந்து வெளிய வரும், உள்ள போவாது. மைக் சொருவ ஓட்டையே கெடையாது. இதுக்கு வாயி உண்டு, காது இல்ல."

இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

வூட்டுக்கு வந்தாரு. பாப்பா முன் ரூம்புல தூங்குது. பின் ரூம்புக்குப் போயி, பழைய டி.வி.ய இழுத்து அதுல அட்டைய மாட்டி, டிஸ்க மாட்டி, ஸ்பீக்கர மாட்டி ஒக்காந்தாரு. அந்த சாப்ட்வேரு தொறந்துச்சு... அதே சாம்பக் கலரு, அதே பொத்தானு. கீழேர்ந்து மேல வரைக்கும் வரிசை வரிசையா. தவில் ஒரு வரிசை, கீபோர்டு ஒரு வரிசை, பாடகி ஒரு வரிசை. எல்லாத்துக்கும் கீழ, "வினோ"ன்னு பேரு போட்டு ஒரு வரிசை.

வெறுமையா.

அடுத்த பாட்டு. "வினோ". வெறுமை. அதுக்கடுத்தது. அதுவும். ஒவ்வொரு பாட்டுலயும் பேரு இருக்கு, ஆளு இல்ல. எவ்ளோ ஒழுங்கா அழிச்சிருக்காரு பாருங்க! நல்ல வேலைக்காரன். எல்லாத்துலயும் நல்ல வேலைக்காரன்.

ஒண்ணே ஒண்ண மட்டும் கடைசில பாக்கலாம்னு ஒதுக்கி வச்சிருந்தாரு. அண்ணி காய்ச்சலோட உக்காந்து பாடுன கடைசிப் பாட்டு, ஒரு ஊரு அய்யனாரு கோயிலுக்கு. அதுக்குப் பாடகி வரவே இல்ல. அண்ணி போனதோட அந்த வேலையும் நின்னு போச்சு. பாடகி வராத பாட்டுல டிராக்க ஏன் அழிக்கப் போறோம்? அப்ப அதுல இருக்கும்... இருந்தே ஆவணும். ஆஞ்சநேயர கும்புட்டுட்டுத் தொறந்தாரு.

"வினோ". வெறுமை.

அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அன்னிக்கிப் பாடி முடிச்சிட்டு அண்ணி போயி சுருண்டு படுத்துக்கிச்சு. படுத்த எடத்துலேர்ந்தே, பழக்கத்துல, ஈனசொரத்துல கேட்டுச்சு, ஏங்க, அழிச்சாச்சான்னு. இவரு மாத்திரை எங்கன்னு தேடிக்கிட்டே அழிச்சாச்சுன்னாரு. வெரலு அது பாட்டுக்கு அமுக்கியிருக்கு.

அண்ணன் அந்த வெரல வாயில வச்சுக் கடிச்சாரு. மேசைல தலைய முட்டிக்கிட்டாரு. பக்கத்து ரூம்புல பாப்பா முழிச்சிடுமேன்னு சத்தம் போடாம அழுதாரு. அப்படியே எவ்ளோ நேரம் கெடந்தாரோ தெரியல.

தலைய நிமித்துனா... அந்த வரிசைல ஒரு பச்ச வெளக்கு எரியுது.

சத்தம் உள்ள போனா எரியுற வெளக்கு அது. மினுக்... மினுக்... வெறுமையா இருந்த எடத்துல கோடு போடுது. மெதுவா எழும்புது, அடங்குது. பாட்டு பதியும்போது வர்ற கோடு.

கைய வைக்கல. எதையும் தொடல.

ஸ்பீக்கர்ல மொதல்ல பேன் ஓடுற சத்தம். கட கட கடன்னு... அந்த ரூம்பு பேன் அந்த வாரந்தான் கெட்டுப் போயி கடகடன்னுது. அப்பறம் தூரத்துல ஒரு லாரி கியர் மாத்துற சத்தம். அண்ணன் கதவுப் பக்கம் காத வச்சாரு. வெளிய அதே லாரி அப்பத்தான் போவுது. அதுக்கப்பறம், ஸ்பீக்கருக்கு ரொம்பக் கிட்டக்க...

கடக்.

ஏலக்காய் கடிபடுற சத்தம்.

அப்பறம் அண்ணி பாடுச்சு.

அதே கொரலு. ஒரு பிசிறு மாறல. வார்த்தை வராத எடத்துல தன்னன்னான்னு போட்டு சமாளிக்கும், அதே எடத்துல தன்னன்னா. மேல ஏறுறதுக்கு முந்தி இழுத்து ஒரு மூச்சு வாங்கும், அந்த மூச்சு. மூணு வருசமா நெனப்புக்கு வராத கொரலு அந்த ரூம்பு முச்சூடும் நெறையுது. பாப்பாவ எழுப்பணும், தூக்கிட்டு வந்து ஒக்கார வச்சு, இதாண்டா ஒங்கம்மான்னு காட்டணும்... ஆனா எந்திரிச்சா நின்னுடுமோன்னு பயம். பாட்டு முடியட்டும். முடிஞ்சதும் எழுப்பிக்கலாம். இனிமே இங்கதான இருக்கப் போவுது? அதான் பதியுதே...

பாட்டு முடிஞ்சுது. பேன் சத்தம் மட்டும் கட கட கட...

"ஏங்க, அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

சொல்லிட்டாரு. சொன்ன வாயி இன்னும் மூடல... ரெண்டு கட்டையும் அமுங்கிக் கெடக்கு.

என்னடா சரத்குமாரு? யாராவது அழிப்பாங்களான்னா கேக்குற? நீ தெனம் ராத்திரி கதவுக்குத் தாப்பா போடும்போது நெனச்சுப் பாத்தா போடுற? கை போடுதுல்ல? பன்னெண்டு வருசம் பொண்டாட்டி கேட்டதும் பதில் சொல்லிப் பழகுன வாயிடா அது. உசுரோட கேட்டாளா, செத்துக் கேட்டாளான்னு அதுக்கு என்ன தெரியும்?

கோடு போச்சு. வரிசை வெறுமை. அண்ணன் அலறிக்கிட்டு, அழிச்சதத் திரும்பக் கொண்டு வர்ற கட்டையத் தட்டுனாரு, தட்டுனாரு... அட்டை பாவம் சின்னது. திணறிடுச்சு. டி.வி.ல, கொஞ்சம் இருன்னு காட்டுற மணல்கடிகாரப் படம் வந்து அப்படியே நின்னுடுச்சு. எதத் தொட்டாலும் அசைய மாட்டேங்குது.

முத்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டாரு. அந்த மனுசன் தூக்கக் கலக்கத்துல கேட்டுட்டு, "அணைச்சிடாத மாப்ள. தொங்கிக் கெடக்கற வரைக்கும் அழிச்சது உள்ள எங்கயாவது இருக்கும். கரண்ட் போச்சுன்னா மொத்தமாப் போச்சு"ன்னாரு. அப்பறம் தூக்கம் தெளிஞ்சு கேட்டாரு. "ஆமா... பதிஞ்சுதுன்னா சொல்ற? அதுல மைக்குக்கு ஓட்டையே இல்லையேடா."

அன்னிலேர்ந்து அந்த அட்டைய அண்ணன் அணைக்கல.

மணல்கடிகாரம் அப்படியே நிக்குது. கரண்ட் போனா இன்வெர்ட்டரு. அது எறங்குனா லாரிக்குப் போடுற பெரிய பேட்டரி ஒண்ணு தயாரா இருக்கு. மழ வந்தா மேல பாலித்தீன் கவர். எறும்பு ஏறாம மேசைக் கால்ல தண்ணிக் கிண்ணம். வெளியூரு வேலைன்னா போறதில்ல, பாதித் தொழிலு போச்சு. ரெண்டு ஆடி வந்து போயிடுச்சு. முத்தமிழ்செல்வன் எத்தனையோ தரம் வந்து உக்காந்து பாத்தாரு. அணைக்காம ஒண்ணும் பண்ண முடியாது, அணைச்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னுட்டாரு. சொந்தக்காரங்க எல்லாம் கிறுக்குன்னாங்க. அண்ணன் அவங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. ரூம்புல அன்னிக்கி என்ன நடந்துச்சு, அண்ணி என்ன கேட்டுச்சு, இவரு என்ன பதில் சொன்னாரு... ஒருத்தருக்கும் தெரியாது. முத்தமிழ்செல்வனுக்குக்கூட பாட்டு பதிஞ்சு அழிஞ்சுதுன்னுதான் தெரியும். அந்தக் கேள்விய அவரு வாயால திரும்பச் சொல்லவே இல்ல.

போன தைல சத்யா பொங்கலுக்கு அண்ணன் வூட்டுக்குப் போயிருந்தா. மத்ததெல்லாம் அதுக்கப்பறம் அண்ணன் அவகிட்ட சொன்னது, இதுதான் அவ கண்ணால பாத்தது.

ராத்திரி சாப்பாடு ஆச்சு. பாப்பாவுக்குப் பாய் விரிச்சிட்டுத் தேடுனா, ஆளக் காணோம். பின் ரூம்பு கதவு தொறந்திருக்கு. எட்டிப் பாத்தா, இருட்டுக்குள்ள டி.வி. வெளிச்சத்துல கொழந்தை நிக்குது. மணல்கடிகாரம் அப்படியே நிக்குது. ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்ல. கொழந்தை காத ஸ்பீக்கர்ல ஒட்டி வச்சுக்கிட்டு, கண்ண மூடி, தலைய லேசா ஆட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரங் கழிச்சு ஆடுறது நின்னுச்சு. கண்ணத் தொறந்து, ஸ்பீக்கருக்குக் கிட்டக்க வாய வச்சு, மெதுவா சொல்லுச்சு.

"இல்லம்மா... இன்னும் அழிக்கல."

சத்யாவுக்கு ஒண்ணும் புரியல. திரும்பிப் பாத்தா, அவளுக்குப் பின்னாடி அண்ணன் நிக்கறாரு. போயி அப்படியே மண்டி போட்டு, அவரும் ஸ்பீக்கர்ல காத வச்சாரு. ஒரு பக்கம் வச்சாரு. மறுபக்கம் வச்சாரு. ரொம்ப நேரம். அப்பறம் கொழந்தை கையப் புடிச்சுக்கிட்டு, அன்னிக்கிச் சோத்துத் தட்டுக்கு முன்னாடி அது கேட்டத அவரு கேட்டாரு.

"பாப்பா... அம்மா எப்புடிப் பேசுது?"

கொழந்தை அவரு மொகத்தையே பாத்துச்சு. பாவமாப் பாத்துச்சாம்.

"ஏம்ப்பா, ஒனக்குக் கேக்கலையா?"

சத்யா கொழந்தையத் தூக்கி மார்ல அணைச்சுக்கிட்டா. அதோட வாயில ஏலக்காய் வாசம். அண்ணி போனதுலேர்ந்து அந்த வூட்டுல ஏலக்காய் வாங்குனதே இல்ல.

அவ்ளோதாம்ப்பா. இன்னிக்கும் அந்த அட்டை ஓடிக்கிட்டுதான் இருக்கு. ராத்திரி ஆனா அப்பனும் மவளும் அந்த ரூம்புல உக்காருவாங்களாம். கொழந்தை ஸ்பீக்கர்ல காத வச்சுக்கும். அண்ணன் எதுத்தாப்புல உக்காந்து, கொழந்தை மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அதப் பாத்துதான் தெரிஞ்சுக்கறாராம்... இப்ப பாடுறா... இப்ப மூச்சு வாங்குறா... இப்ப முடிச்சிட்டு, கேக்குறான்னு.